ஆக்டிவ் ஏரியாவுக்குள்ள வேலைக்குப் போறவங்களுக்கு: மாட்டிட்டு போறது ஈஸி, கழட்டிட்டு வர்றதுதான் வித்தை

ஷட்டவுன் சீசன் (ரியாக்டரை நிறுத்தி ரிப்பேர் பாக்கற நேரம்) வந்தா கல்பாக்கம், கூடங்குளம், கைகா, தாராப்பூர்னு எந்த அணுமின் நிலையத்துல பார்த்தாலும் நம்ம பசங்க இருப்பாங்க. சாரம் கட்றவன், இன்சுலேஷன் பிரிக்கிறவன், வெல்டர், ஃபிட்டர், தரை துடைக்க வர்ற ஹெல்ப்பர் வரைக்கும். ட்ரெய்னிங்ல ஏசி ரூம்ல உக்கார வச்சு ஸ்லைடு போட்டு எல்லாத்தையும் சொல்றாங்கதான், ஆனா பாதி பேர் இங்கிலீஷ் புரியாம தலையாட்டறான், மீதி பேர் நைட் பஸ்ல வந்த களைப்புல தூங்கறான், அடுத்த நாள் காலைல நேரா பாரியர் (கதிர் பொருள் இருக்கற ஆக்டிவ் ஏரியாவோட எல்லை) முன்னாடி நின்னு "அண்ணே எதை முதல்ல மாட்டணும்"னு பக்கத்துல இருக்கவனை கேக்கறான். பக்கத்துல இருக்கவனும் புதுசு. அதுக்காகத்தான் இது. உங்க பிளான்ட்ல கதிர் பாதுகாப்பை பாக்கற ஹெல்த் பிசிக்ஸ் ஆளுங்க, அதாவது நாம ஹெச்பின்னு கூப்பிடறவங்க, இதுல இருக்கறதுக்கு மாறா ஏதாவது சொன்னா அவங்க சொல்றதுதான் சட்டம், இதை காட்டி அங்க சண்டை போடாதீங்க.

முதல்ல ஒரு குழப்பத்தை தீர்த்துடலாம். ரேடியேஷன் வேற, கன்டாமினேஷன் வேற. குழாய்க்குள்ள இருக்கற பொருள்ல இருந்து வர்ற காமா கதிர் உங்க மேல பட்டுட்டு போயிடும், நீங்க அந்த ரூமை விட்டு வெளிய வந்த நிமிஷத்தோட அது நின்னுபோச்சு, அதனால உங்க உடம்பு கதிர் வீசாது, வீட்டுல குழந்தையை தூக்கலாம், ஒண்ணும் ஆகாது. கன்டாமினேஷன் அப்படி இல்ல. அது தூசி, துரு, ஈரம், எண்ணெய் பிசுக்கு மாதிரி ஒட்டிக்கிற சமாச்சாரம். கையில மிளகாய்த்தூள் பட்ட மாதிரின்னு வச்சுக்கங்க, கை எங்கெல்லாம் போகுதோ அங்கெல்லாம் அதுவும் போகும், கண்ணை கசக்கினா கண்ணுக்கு, பீடி எடுத்தா வாய்க்கு. என்ன, மிளகாய்னா எரிஞ்சு காட்டிக்கொடுக்கும், இது காட்டிக்கொடுக்காது, மீட்டர்தான் சொல்லணும். உள்ள போயிடுச்சுன்னா நீங்க தூங்கும்போதும் அது உள்ள இருந்து டோஸ் (உடம்பு வாங்கற கதிர் அளவு) குடுத்துட்டே இருக்கும். எனக்கு தெரிஞ்சு புதுசா வர்றவங்க ரேடியேஷனுக்கு ரொம்ப பயப்படறாங்க, கன்டாமினேஷனுக்கு பயப்படவே மாட்டேங்கறாங்க. கொஞ்சம் மாத்தி பயந்தா நல்லா இருக்கும்.

நம்பர் கணக்கு

டோஸை மில்லிசீவர்ட்ல சொல்வாங்க. பழைய ஆளுங்க இன்னும் மில்லிரெம்னுதான் பேசுவாங்க, 1 மில்லிசீவர்ட்னா 100 மில்லிரெம், இதை மட்டும் மனப்பாடம் பண்ணிக்கங்க, இல்லன்னா யாராவது "அங்க 50தான் இருக்கு"ன்னு சொல்வான், எந்த கணக்குல 50ன்னு தெரியாம உள்ள போயிடுவீங்க. மைக்ரோவா மில்லியான்னு கேக்க கூச்சப்படவே படாதீங்க, ரெண்டுக்கும் ஆயிரம் மடங்கு வித்தியாசம்.

சும்மா ஊர்ல இருந்தாலே மண்ணு, காத்து, சாப்பாடு, வானத்துல இருந்து வர்றதுன்னு எல்லாம் சேர்த்து உலக சராசரியா வருஷத்துக்கு 2.4 மில்லிசீவர்ட் வருது. நம்ம மணவாளக்குறிச்சி பக்கம் கடல் மணல்ல மோனசைட் இருக்கறதால அங்க இதை விட ஜாஸ்தி. கதிர் வேலை பாக்கறவங்களுக்கு நம்ம நாட்டுல ஏஇஆர்பி (அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்) வச்சிருக்கற அளவு 5 வருஷத்துக்கு மொத்தம் 100 மில்லிசீவர்ட், அதாவது சராசரியா வருஷத்துக்கு 20, எந்த ஒரு வருஷத்துலயும் 30ஐ தாண்டக்கூடாது. அணுமின் நிலையத்துல டெம்பரரியா வர்றவங்களுக்கு வருஷத்துக்கு 15. பொதுமக்களுக்கு 1. கர்ப்பமா இருக்கற பெண் ஊழியர் அதை சொன்ன நாள்ல இருந்து வயித்துல இருக்கற குழந்தைக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல போகக்கூடாது, அதனால தெரிஞ்ச உடனே சொல்லிடணும், மூணு மாசம் ஆகட்டும்னு வீட்டுல பெரியவங்க சொல்ற வழக்கமெல்லாம் இங்க வேண்டாம். 18 வயசு ஆகாதவனை எந்த மேஸ்திரி கூட்டிட்டு வந்தாலும் இந்த வேலைக்கு கிடையாது.

லிமிட்டுன்னா அது வரைக்கும் வாங்கிக்கலாம்னு அர்த்தம் இல்ல. முடிஞ்ச வரைக்கும் குறைக்கறதுதான் பேச்சு. 12 வாங்கறதும் 4 வாங்கறதும் லிமிட்டுக்குள்ளதான், ஆனா அதே வேலையை 4ல முடிச்சவன்தான் வேலை தெரிஞ்சவன்.

பெர்மிட்டை படிங்க, கையெழுத்து மட்டும் போடாதீங்க

ஒவ்வொரு வேலைக்கும் ரேடியாலஜிக்கல் வொர்க் பெர்மிட் இருக்கும். எந்த ரூம், ரூம்ல பொதுவா எவ்வளவு ஃபீல்டு (கதிர் அளவு), குழாயை ஒட்டி எவ்வளவு, ஹாட் ஸ்பாட் (கதிர் ரொம்ப ஜாஸ்தியான இடம்) எங்க, என்ன போட்டுக்கணும், ஒரு ஆளுக்கு எவ்வளவு டோஸ் வரைக்கும் அனுமதி, எல்லாம் அதுல இருக்கும். மேஸ்திரி நாலு பேருக்கு சேர்த்து கையெழுத்து போட்டுட்டு "வாங்கடா"ன்னு கூப்பிட்டா போகாதீங்க, உங்க ரூம் மேப்பை ஒரு தடவை கண்ணால பாத்துட்டு போங்க.

கணக்கு ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல. நிக்கற இடத்துல மணிக்கு 2 மில்லிசீவர்ட், உங்களுக்கு அன்னிக்கு அனுமதி 0.5ன்னா, 0.5ஐ 2ஆல வகுத்தா கால் மணி நேரம். அவ்வளவுதான் உங்க நேரம். அதுல சாரத்துல ஏறி இறங்கற நேரமும் சேர்த்தி, ஸ்பேனர் சைஸ் தப்பா எடுத்துட்டு வந்து திரும்ப போற நேரமும் சேர்த்தி. அதனாலதான் கதிர் ஜாஸ்தியான இடத்து வேலைக்கு முன்னாடி வெளிய மாதிரி செட்டப்ல ரிகர்சல் பண்ண வைப்பாங்க, அதை விளையாட்டுன்னு நினைக்காதீங்க, வெளிய நாலு தடவை போல்ட்டை கழட்டி பழகினவன் உள்ள போனா கை தானா போகும்.

டிஎல்டி பேட்ஜ், டிஆர்டின்னு டோஸ் அளக்கற டோசிமீட்டர் ரெண்டும் நெஞ்சுல இருக்கணும். டிஎல்டிக்குள்ள இருக்கற சின்ன டிஸ்க்கு நீங்க வாங்கின டோஸை தேக்கி வச்சுக்கும், பின்னாடி லேப்ல சூடு பண்ணி படிப்பாங்க, அதுதான் உங்க பேர்ல நிக்கற கணக்கு. டிஆர்டி அப்பப்போ பாக்கறதுக்கு. பேனா மாதிரி இருக்கற பழைய டைப்பா இருந்தா வெளிச்சத்துக்கு நேரா புடிச்சு கோடு எங்க நிக்குதுன்னு பாருங்க, உள்ள போகும்போது ஒரு தடவை, வேலைக்கு நடுவுல அடிக்கடி, வரும்போது ஒரு தடவை. எலக்ட்ரானிக் டைப்னா அலாரம் வச்சிருக்கும்.

டிஎல்டி விஷயத்துல நம்ம ஆளுங்க பண்ற சேட்டை நிறைய. சட்டையோட துவைக்கப் போடறது, ஃபிரெண்டோடதை மாட்டிட்டு போறது, ஆஸ்பத்திரில எக்ஸ்ரே எடுக்கும்போது பாக்கெட்லயே வச்சிருக்கறது. வேலை முடிஞ்சதும் ராக்ல அவங்கவங்க இடத்துல வச்சிடணும், ரூமுக்கு எடுத்துட்டு போகக்கூடாது. இதை விட மோசமான சேட்டை, டோஸ் ஏறினா வேலைக்கு கூப்பிட மாட்டாங்கன்னு பேட்ஜை மறைச்சு வைக்கறது. ஃபுகுஷிமாவுல 2011 கடைசில ஒரு சப் கான்ட்ராக்ட் கம்பெனி ஆளுங்களை டோசிமீட்டர் மேல ஈயத்தகடு வச்சுக்க சொல்லி, அது அடுத்த வருஷம் வெளிய வந்து ஜப்பான் முழுக்க நாறிச்சு. ஈயம் மீட்டரை மறைச்சது, ஆளை மறைக்கல. உங்க டோஸ் கணக்கு உங்க சொத்து, நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா உங்க கையில இருக்கற ஒரே சாட்சி அதுதான். முந்தி வேற பிளான்ட்ல வேலை பாத்திருந்தா அதையும் மறைக்காதீங்க, நாடு முழுக்க ஒரே ரெஜிஸ்டர்ல ஏறுது, எப்படியும் தெரிஞ்சிடும்.

மாட்டற வரிசை

மோதிரம், வாட்ச், செயின், கையில கட்டின கயிறு எல்லாத்தையும் லாக்கர்ல வச்சிடுங்க. கயிறு சாமி கயிறா இருக்கும், கழட்ட மனசு வராது, ஆனா கன்டாமினேஷன் புடிச்சா முதல்ல வெட்டி ஆக்டிவ் குப்பையில போடறது அதைத்தான், அதுக்கு பதிலா நீங்களே மரியாதையா கழட்டி வச்சுட்டு போங்க. ஃபோன் வேண்டாம். கையில வெட்டுக்காயம், சிரங்கு, ஆறாத புண்ணு இருந்தா ஹெச்பி கிட்ட காட்டணும், பிளாஸ்திரி ஒட்டிட்டு கமுக்கமா போகக்கூடாது.

காட்டன் கவரால் (உடம்பு முழுக்க மூடற உடுப்பு), தலைக்கு குல்லா, காட்டன் கையுறை, அதுக்கு மேல ரப்பர் கையுறை, காலுக்கு உள் கவர், அதுக்கு மேல ரப்பர் ஷூ. கையுறை கவரால் கையோட சேர்ற இடத்துல டேப் சுத்துவாங்க. டேப் சுத்தும்போது கடைசி முனையை ஒரு அங்குலம் மடிச்சு விடுங்க. இந்த சின்ன மடிப்பு இல்லன்னா கழட்டும்போது அழுக்கு கையுறையால டேப் முனையை தேடி சுரண்டிட்டே நிப்பீங்க, கடுப்புல கையுறையை பல்லால கடிக்க போனவனெல்லாம் உண்டு.

ரெஸ்பிரேட்டர் போடற வேலைன்னா தாடி கூடாது. முகத்தோட ரப்பர் ஒட்டற இடத்துல முடி இருந்தா காத்து அந்த வழியா உள்ள போகும், அப்புறம் அது முகமூடி இல்ல, வேஷம். கார்த்திகை மார்கழில மாலை போட்டவங்க நிறைய பேர் வேலைக்கு வருவாங்க, அவங்க முதல் நாளே சூப்பர்வைசர் கிட்ட சொல்லிட்டா ரெஸ்பிரேட்டர் இல்லாத வேலையில போடுவாங்க. சொல்லாம பாரியர் முன்னாடி வந்து நின்னா ஒண்ணு விரதம் போகும், இல்லன்னா வேலை போகும்.

உள்ள போனப்புறம்

நேரம், தூரம், தடுப்பு. இந்த மூணையும் எல்லா க்ளாஸ்லயும் சொல்வாங்க, அதனால சுருக்கமா சொல்லிட்டு போறேன். கதிர் வர்ற சோர்ஸ் சின்னதுன்னா தூரத்தை ரெண்டு மடங்கு ஆக்கினா டோஸ் நாலுல ஒண்ணு ஆகிடும், நீளமான குழாய்னா அவ்வளவு குறையாது, பாதிதான் ஆகும். கோபால்ட் 60ங்கற கதிர் பொருளோட காமாவை பாதியாக்க ஈயம் 12 மில்லிமீட்டர் வேணும், அதனாலதான் அந்த லெட் ப்ளாங்கெட் (ஈயப் போர்வை) அவ்வளவு கனம், அதை குழாய் மேல இருந்து "இடைஞ்சலா இருக்கு"ன்னு நீங்களா நகர்த்தக்கூடாது. கான்க்ரீட் தூண் இருந்தா அதுக்கு பின்னாடி நில்லுங்க. பேச வேண்டியது, ஆள் வர காத்திருக்க வேண்டியது எல்லாம் லோ டோஸ் ஏரியான்னு போர்டு போட்ட இடத்துல. வெல்டர் வேலை பாக்கும்போது ஹெல்ப்பர் பக்கத்துல குத்த வச்சு வேடிக்கை பாக்கறதுதான் நம்ம ஊர் வழக்கம், இங்க அந்த வேடிக்கைக்கும் டோஸ் ஏறும்.

அலாரம் அடிச்சா வேலையை அப்படியே நிறுத்திட்டு வெளிய வாங்க. மெஷின் கோளாறா நிஜமான்னு உள்ள நின்னு பட்டிமன்றம் நடத்தாதீங்க. 2011 மார்ச் 24ல ஃபுகுஷிமா 3வது யூனிட் டர்பைன் பில்டிங் பேஸ்மென்ட்ல கேபிள் போட போன 3 பேர் கதை இதுக்குத்தான் எல்லா ட்ரெய்னிங்லயும் வருது. முந்தின நாள் பாத்தப்போ அங்க பெருசா தண்ணியும் இல்ல, ஃபீல்டும் கம்மி. அன்னிக்கு போனா கணுக்காலுக்கு மேல தண்ணி நிக்குது. டோசிமீட்டர் அலாரம் அடிக்குது, நேத்து கம்மியாத்தானே இருந்துச்சு, மீட்டர்தான் கெட்டுப்போச்சுன்னு நினைச்சு வேலையை தொடர்ந்தாங்க. அதுல 2 பேர் போட்டிருந்தது உயரம் கம்மியான ஷூ, தண்ணி உள்ள இறங்கிடுச்சு. 3 பேருக்கும் 170 மில்லிசீவர்ட்டுக்கு மேல போச்சு, ரெண்டு பேரை காலுல பீட்டா கதிர் பட்டதுக்காக ஆஸ்பத்திரில சேர்த்தாங்க. இதுல மூணு பாடம் இருக்கு: நேத்து சர்வே (கதிர் அளந்த கணக்கு) இன்னிக்கு செல்லாது, தரையில எதிர்பாராம தண்ணி இருந்தா மிதிக்காதீங்க, அலாரத்தை நம்புங்க.

நம்ம கல்பாக்கத்துலயே 2003 ஜனவரி 21ல பயன்படுத்தின எரிபொருளை பிரிக்கற ரீப்ராசசிங் பிளான்ட் கழிவு டேங்க் பக்கம் சாம்பிள் எடுக்க போன இடத்துல இதே மாதிரிதான். அது கம்மி ஆக்டிவிட்டி (கதிர் கம்மியான) டேங்குன்னு நினைச்சு போனாங்க, ஒரு வால்வு பழுதாகி ஹை ஆக்டிவிட்டி கழிவு அதுக்குள்ள வந்திருந்தது, எச்சரிக்க அந்த இடத்துல மானிட்டரும் இல்ல, 6 பேருக்கு 280ல இருந்து 420 மில்லிசீவர்ட் வரைக்கும் டோஸ். நம்ம கையில இருக்கற சர்வே மீட்டரை முதல்ல நீட்டி பாத்துட்டு அப்புறம் காலை வைங்கன்னு ஹெச்பி ஆளுங்க கத்தறது சும்மா இல்ல.

வாய்க்கு எதுவும் போகக்கூடாது. பீடி சிகரெட் மட்டும் இல்ல, ஹான்ஸ், பாக்கு, சூயிங்கம், மாத்திரை எதுவும். வேர்வை வழிஞ்சா கையால துடைக்காதீங்க, மூக்கு அரிச்சா சொறியாதீங்க. முட்டி போட்டு உக்காராதீங்க, தரையில டூல்ஸை கண்டபடி பரப்பாதீங்க, பாலித்தீன் விரிச்சு அது மேல வைங்க. புது சாமானோட அட்டைப்பெட்டி, பேக்கிங் மரம், நூல் எல்லாத்தையும் வெளியவே பிரிச்சு போட்டுட்டு சாமானை மட்டும் உள்ள கொண்டு போங்க. உள்ள போன அட்டைப்பெட்டி அப்புறம் ஆக்டிவ் குப்பை, அதை ஆயுசுக்கும் பாதுகாக்கணும்.

கனநீர் பிளான்ட்டுக்கு போறவங்களுக்கு

கல்பாக்கம் மேப்ஸ் (சென்னை அணுமின் நிலையம்), கைகா மாதிரி கனநீர் (கனமான ஹைட்ரஜன் இருக்கற தண்ணி) ஓடற ரியாக்டர்ல ட்ரிடியம்னு ஒரு ஆள் இருக்கான், கதிர் வீசற ஹைட்ரஜன். கூடங்குளத்துல இருக்கறது சாதா தண்ணில ஓடற ரஷ்ய டைப், அங்க இந்த தொல்லை கம்மி, அதனால கூடங்குளத்துல பழகிட்டு கல்பாக்கம் வர்றவங்க இதை லேசா எடுத்துக்கறாங்க.

ட்ரிடியம் விடற பீட்டா ரொம்ப வீக், தோலை தாண்டாது, உங்க டிஎல்டியும் டிஆர்டியும் அதை பாக்கவே பாக்காது. ஃப்ரிஸ்க் பண்ற (வெளிய வரும்போது உடம்புல ஏதாவது ஒட்டியிருக்கான்னு பாக்கற) மீட்டர்லயும் தெரியாது. ஆனா அது தண்ணியாவே இருக்கறதால ஆவியா காத்துல கலந்து மூச்சு வழியா போகும், தோல் வழியாவும் போகும், உடம்புல இருக்கற தண்ணியோட தண்ணியா கலந்துடும். சாதா டஸ்ட் ரெஸ்பிரேட்டர் இதை தடுக்காது, வெளில இருந்து காத்து வர்ற பிளாஸ்டிக் சூட்தான் போடணும். அந்த சூட்ல வேர்த்து ஊத்தும், காது கேக்காது, எல்லாம் சரிதான், ஆனா காத்து ஹோஸை கழட்டிட்டு "ஒரு நிமிஷம்"னு ஜிப்பை திறந்தா மொத்தமும் வீண்.

கண்டுபிடிக்க ஒரே வழி யூரின் சாம்பிள். உள்ள போனது உடம்பு முழுக்க கலக்க ரெண்டு மூணு மணி நேரம் ஆகும், அதனால வேலை முடிஞ்சதும் ஒரு தடவை போயிட்டு, அப்புறம் ஹெச்பி சொல்ற நேரத்துல பாட்டில்ல குடுங்க. வெக்கப்பட்டுட்டு குடுக்காம போறவங்க, அடுத்தவனோடதை குடுக்கறவங்க எல்லாம் இருக்காங்க, என்னத்த சொல்ல. ஒரு நல்ல விஷயம், ட்ரிடியம் அரைவாசியாக 12 வருஷத்துக்கு மேல ஆனாலும் உடம்புல இருந்து அது சுமாரா 10 நாளுக்கு பாதின்னு வெளிய போயிடும், நிறைய தண்ணி மோர் குடிச்சா இன்னும் வேகமா போகும். எவ்வளவு குடிக்கணும்னு பிளான்ட் டாக்டர் சொல்வார். பீர் குடிச்சா போயிடும்னு ஷெட்ல ஒரு வைத்தியம் ஓடும், அதுல வேலை செய்யறது தண்ணிதான், பீர் இல்ல.

2009 நவம்பர்ல கைகாவுல குடிதண்ணி கூலர்ல யாரோ வேணும்னே ட்ரிடியம் கலந்த கனநீரை ஊத்திட்டாங்க, 50 பேருக்கு மேல குடிச்சிருந்தாங்க. எந்த மீட்டரும் கத்தல, வழக்கமா எடுக்கற யூரின் சாம்பிள்ல கூடுதலா காட்டினதாலதான் மாட்டுச்சு. அந்த பாட்டிலை அலட்சியமா நினைக்கறவங்க இதை நினைச்சுக்கங்க.

கழட்டற வரிசை, இதை ரெண்டு தடவை படிங்க

வேலை முடிஞ்சிருக்கும், வேர்த்திருக்கும், டீ டைம் ஆகியிருக்கும், எல்லாரும் ஒரே நேரத்துல பாரியர்ல முட்டுவாங்க. எல்லா அழுக்கும் ஒட்டறது இந்த அஞ்சு நிமிஷத்துலதான். அடிப்படை ஒண்ணுதான், கவரால் வெளிப்பக்கம் அழுக்கு, உள்பக்கம் சுத்தம், அழுக்கு கை அழுக்கு பக்கத்தை மட்டும்தான் தொடணும், சுத்தமான கை உள்பக்கத்தை மட்டும்.

முதல்ல டேப்பை எல்லாம் உரிங்க (மடிச்சு விட்ட முனை இப்போ உதவும்). டிஎல்டி டிஆர்டியை பத்திரமா எடுத்து ஹெச்பி சொல்ற இடத்துல வைங்க, அதை கவராலோட சேர்த்து லாண்டரி டிரம்ல போடறவங்க ஒவ்வொரு ஷட்டவுன்லயும் உண்டு. அடுத்தது ரப்பர் ஷூ. அப்புறம் வெளி ரப்பர் கையுறை. ஒரு கையுறையோட மணிக்கட்டு பக்கம் வெளிய புடிச்சு உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி உரிங்க, உரிச்சதை இன்னொரு கையுறை போட்ட கையில சுருட்டி வச்சுக்கங்க, இப்போ காட்டன் கையுறை இருக்கற கையோட விரலை அந்த இன்னொரு கையுறைக்கு உள்ள விட்டு அதையும் உரிங்க, முதல் கையுறை ரெண்டாவதுக்குள்ள போய் ஒரு சின்ன பொட்டலமா வந்துடும். அப்புறம் குல்லா, முன்னாடி இருந்து பின்னாடி, முகத்துல தேய்க்காம. ரெஸ்பிரேட்டர் இருந்தா குனிஞ்சு, மூச்சை புடிச்சு, பின்னாடி பட்டையை புடிச்சு முன்னாடி எடுங்க. அப்புறம் கவரால், ஜிப்பை இறக்கி தோள்ல இருந்து உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி உருட்டிக்கிட்டே இடுப்பு, முட்டின்னு இறக்குங்க, உதறாதீங்க, உதறினா தூசி மொத்தமும் பக்கத்துல நிக்கறவன் மூஞ்சிலதான்.

கடைசில பாரியரை ஒட்டி நின்னு ஒரு கால் கவரை உரிச்சு, அந்த காலை கீழ வைக்காம நேரா சுத்தமான பக்கத்துல வைங்க. அப்புறம் அடுத்த கால். உரிச்ச காலை பழக்க தோஷத்துல திரும்ப அழுக்கு பக்கம் வச்சுடறதுதான் ரொம்ப சாதாரணமா நடக்கற தப்பு, பேலன்ஸ் இல்லன்னா பெஞ்ச்ல உக்காந்துக்கங்க, இல்ல பக்கத்துல ஹெச்பி ஆளை கூப்பிடுங்க, சுவத்தை புடிக்காதீங்க. உள் காட்டன் கையுறை கடைசி. பிளான்டுக்கு பிளான்ட் இந்த வரிசை கொஞ்சம் மாறும், பாரியர் சுவத்துல படம் ஒட்டியிருப்பாங்க, அதை பாத்து பண்ணுங்க.

ஃப்ரிஸ்க்

மீட்டரை எடுக்கறதுக்கு முன்னாடி கையை மீட்டர் கிட்ட காட்டுங்க. இதை யாருமே பண்றதில்ல. அழுக்கு கையால ப்ரோபை (மீட்டரோட கையில புடிக்கற பாகம்) எடுத்தா ப்ரோபும் அழுக்காகி, உங்களுக்கு அப்புறம் வர்ற பத்து பேருக்கும் அடிக்கும். கை சுத்தம்னு தெரிஞ்சதும் ப்ரோபை எடுத்து உடம்புல இருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி, தொடாம, நொடிக்கு 5 சென்டிமீட்டருக்கு மேல போகாம மெதுவா நகர்த்துங்க. தலை, முகம் (மூக்கு வாய் பக்கம் கொஞ்சம் நிறுத்துங்க), கழுத்து, கை, நெஞ்சு, முதுகு, பின்பக்கம், முட்டி, கடைசியா உள்ளங்கால். ஒழுங்கா பண்ணினா ரெண்டு மூணு நிமிஷம் ஆகும். சாமிக்கு கற்பூரம் காட்டற மாதிரி ஒரு சுத்து சுத்திட்டு போறவனுக்கு அது எதையும் காட்டாது. சத்தம் கூடுற மாதிரி இருந்தா அங்கயே நிறுத்தி சில நொடி பாருங்க.

வெளி கேட்ல போர்ட்டல் மானிட்டர் (கடந்து போறவங்க மேல கன்டாமினேஷன் இருக்கான்னு பாக்கற மெஷின்) இருக்கும். அது அடிச்சா உடனே நீங்க ஏதோ குத்தம் பண்ணின மாதிரி எல்லாரும் பாப்பாங்க, கண்டுக்காதீங்க. அடிச்சதுக்கு காரணம் உள்ள இருந்து வந்ததா இருக்கணும்னு அவசியம் இல்ல. அமெரிக்காவுல பென்சில்வேனியா லிமரிக் பிளான்ட்ல 1984 டிசம்பர்ல ஸ்டான்லி வாட்ராஸ்னு ஒரு இன்ஜினியருக்கு மானிட்டர் அடிச்சிட்டே இருந்துச்சு, அந்த ரியாக்டர் அப்போ ஓடவே ஆரம்பிக்கல, கடைசில பாத்தா அவர் வீட்டுக்குள்ள தரையில இருந்து வந்த ரேடான் வாயு. 1986 ஏப்ரல் 28ல ஸ்வீடன் ஃபோர்ஸ்மார்க்ல ஒருத்தர் ஷூவுக்கு அலாரம் அடிச்சது, அது சுமார் 1,100 கிலோமீட்டர் தள்ளி இருந்த செர்னோபில் தூசி, வெளி உலகத்துக்கு அந்த விபத்து தெரிய வந்ததே அப்படித்தான். ரேடான் பிசுக்கு பாலியஸ்டர் துணில நல்லா ஒட்டும், அதா இருந்தா அரை மணி நேரம் காத்திருந்து திரும்ப பாத்தா நல்லா குறைஞ்சிருக்கும். அதே மாதிரி போன வாரம் ஆஸ்பத்திரில எலும்பு ஸ்கேன், தைராய்டு ஸ்கேன், ஹார்ட் ஸ்கேன்னு ஊசி போட்டு எடுத்திருந்தா முன்கூட்டியே சொல்லிடுங்க, ஊசில போட்டது டெக்னீஷியம்னா 6 மணி நேரத்துல பாதியாகும், அயோடின் 131ன்னா 8 நாள் ஆகும் பாதியாக.

உடம்புல ஒட்டிடுச்சுன்னா

இருக்கற இடத்துல நில்லுங்க, ஹெச்பியை கூப்பிடுங்க, நீங்களா ஓடிப்போய் குளிக்காதீங்க, ஓடற வழியெல்லாம் பரவும், எவ்வளவு இருந்துச்சுன்னு அளக்கவும் முடியாது. வெதுவெதுப்பான தண்ணி, சாதா சோப்பு, மெதுவா தேய்ச்சு கழுவி ஒத்தி எடுத்து திரும்ப அளக்கணும். கொதிக்கற தண்ணி வேண்டாம், பிரஷ் வேண்டாம், பீர்க்கங்காய் நார் வேண்டவே வேண்டாம், தோல் உரிஞ்சா வெளிய இருந்தது ரத்தத்துக்கு போயிடும். தோல் சிவக்க ஆரம்பிச்சா நிறுத்திடணும். தலைமுடில இருந்தா ஷாம்பு மட்டும், கண்டிஷனர் போட்டா அழுக்கு முடியோட ஒட்டிக்கும். கண்ணுன்னா மூக்கு பக்கத்துல இருந்து காது பக்கமா தண்ணி ஓடணும். காயத்துல பட்டுச்சுன்னா தண்ணில அலசிட்டு நேரா மெடிக்கல், டீக்கு அப்புறம் பாத்துக்கலாம்னு தள்ளக்கூடாது.

யாராவது அயோடின் மாத்திரை குடுத்து "சேஃப்டிக்கு போட்டுக்க"ன்னா போடாதீங்க. அது தைராய்டுக்கு ரேடியோ அயோடின் போகாம தடுக்க மட்டும்தான், எமர்ஜென்சில பிளான்ட்ல சொன்னா மட்டும்தான். கோபால்ட்டுக்கும் ட்ரிடியத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

வேலை முடிஞ்சு ஊருக்கு கிளம்பும்போது ஹோல் பாடி கவுண்ட் (உடம்புக்குள்ள கதிர் பொருள் இருக்கான்னு பாக்கற டெஸ்ட்) எடுக்காம கிளம்பாதீங்க. சேரும்போதும் எடுத்திருப்பாங்க, கிளம்பும்போதும் எடுக்கணும், ரெண்டையும் வச்சுப் பாத்தாத்தான் நடுவுல உள்ள ஏதாவது போச்சான்னு தெரியும். கான்ட்ராக்டர் வேன் வெயிட் பண்ணுதுன்னு அவசரப்படுத்துவார், வேன் நிக்கட்டும். டிஎல்டியை திருப்பிக் குடுத்துட்டு, இது வரைக்கும் உங்க பேர்ல எவ்வளவு டோஸ் ஏறியிருக்குன்னு கேட்டு, பேட்ஜ் நம்பரோட சேர்த்து எழுதி ஆதார் வச்சிருக்கற கவர்லயே போட்டு வைங்க, கடைசி மாச டிஎல்டி ரிசல்ட் லேட்டாத்தான் வரும், அதை யார்கிட்ட கேக்கணும்னும் அன்னிக்கே கேட்டு அவங்க ஃபோன் நம்பரை வாங்கிக்கங்க.